சர்க்கரை நோயுள்ள தெருப்பூனையை வீட்டுக்கு எடுத்தவர்களுக்கு: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மதுரை செல்லூரில் எங்கள் மொட்டைமாடிக்கு இரண்டு ஆண்டுகளாக வந்துபோய்க்கொண்டிருந்த செவலை நிறக் கடுவன் பூனை ஒன்று, சென்ற கோடையில் மாடிப்படியிலேயே படுத்துக்கொண்டு எழுந்திருக்க மனமில்லாமல் கிடந்தது. அது சிறுநீர் கழித்த மூலையில் எறும்புகள் சாரைசாரையாக மொய்ப்பதை முதலில் கவனித்தவர் என் அம்மா. அவரே பல ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்பவர் என்பதால், "இதுக்கும் சர்க்கரைதான் போலிருக்கு" என்றார். நாங்கள் பொருட்படுத்தவில்லை. நான்கு நாள் கழித்துக் கால்நடை மருத்துவரும் அதையே சொன்னார்.

அதன்பின் செவலை வீட்டுப் பூனையானது. நானும் பூனைக்கு ஊசி போடுபவன் ஆனேன். இந்த நோயில் ஓர் அறிகுறிக்கு ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு காரணங்கள் இருக்கலாம். சோர்ந்து கிடக்கும் பூனையின் ரத்தத்தில் சர்க்கரை மிகுந்தும் இருக்கலாம், அபாயமான அளவுக்குக் குறைந்தும் இருக்கலாம். தெருவில் வளர்ந்த பூனையென்றால் குழப்பம் இன்னும் கூடும், ஏனெனில் அது எத்தனை வீட்டில் சாப்பிடுகிறது, இதற்குமுன் என்ன மருந்து பெற்றது, என்ன வயது என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. எனவே கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். இன்சுலின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரின் வேலை. மருந்து, சிரிஞ்சு, உணவு, ஊசி போட்ட கை ஆகிய நான்கும் சரியாக இருந்தனவா என்று பார்த்து அவரிடம் சொல்வது நம் வேலை. இந்த நான்கையும் பார்க்காமல் அளவில் கை வைப்பதால் பல விபத்துகள் நேர்கின்றன.

இதில் வரும் சர்க்கரை எண்கள் அனைத்தும் ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில், அதாவது நம் வீட்டுக் குளுக்கோமீட்டர் காட்டும் கணக்கிலேயே உள்ளன.

தள்ளாடுகிறது, வெறித்துப் பார்க்கிறது, உடல் நடுங்குகிறது அல்லது இழுப்பு வருகிறது

இன்சுலின் பெறும் பூனையிடம் இவற்றுள் ஒன்றைக் கண்டால், சர்க்கரை இறங்கிவிட்டது என்றே முதலில் கொள்ளவேண்டும். திடீரென்று பேய்ப்பசியோடு கத்துவதும், மூலையில் ஒளிந்துகொள்வதும், கூப்பிட்டால் திரும்பாததும் இதன் தொடக்க அறிகுறிகளாக இருக்கலாம். மீட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் பார்க்கலாம். அதைத் தேடுவதில் நேரத்தைக் கழிக்கக் கூடாது. சர்க்கரை கூடுதலாக இருக்கும்போது ஒரு கரண்டி தேன் தந்துவிட்டால் அதனால் பெரிய கேடு வந்துவிடாது, ஆனால் குறைந்திருக்கும்போது தராமல் விட்டால் பூனை இறந்துபோகலாம்.

பூனை தானே விழுங்கும் நிலையில் இருந்தால் அது வழக்கமாக உண்ணும் உணவை உடனே வைக்கவேண்டும். உண்ண மறுத்தாலோ, தலை நிற்காமல் ஆடினாலோ, தேனையோ தண்ணீரில் கெட்டியாகக் குழைத்த குளுக்கோஸ் மாவையோ ஒரு தேக்கரண்டி அளவு விரலில் எடுத்து ஈறில் தடவவேண்டும். நினைவு இல்லாத பூனையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, அது நுரையீரலுக்குப் போய்விடும். இழுப்பின்போது பற்களுக்கு நடுவே விரல் வைக்கக் கூடாது. உதட்டை ஓரமாக விலக்கி, ஈறின் வெளிப்புறத்தில் மட்டும் தடவினால் போதும். தேறிவிட்டதுபோல் தோன்றினாலும் அன்றே மருத்துவரிடம் காட்டவேண்டும், ஏனெனில் போட்ட இன்சுலின் இன்னும் பல மணி நேரம் வேலை செய்துகொண்டிருக்கும்; தடவிய தேனோ அரை மணியில் தீர்ந்துவிடும். அடுத்த ஊசியை மருத்துவர் சொல்லாமல் போடக் கூடாது.

எங்கள் வீட்டில் இது நடந்தது மூன்றாம் வாரத்தில். காலை ஏழு மணிக்கு ஊசி போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன். பதினொரு மணிக்கு அம்மா தொலைபேசியில் அழைத்து, பூனை ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் கால் பரப்பி விழுந்து கிடப்பதாகச் சொன்னார். பல ஆண்டு அனுபவம் அவருக்குக் கைகொடுத்தது. நான் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் தேனைத் தடவி, பூனையைத் தலை தூக்க வைத்திருந்தார். காரணத்தைத் தேடியபோது அது என் கையிலேயே இருந்தது. பூனையின் சிரிஞ்சு தீர்ந்துபோனதால், அம்மாவின் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டிருந்தேன்.

இதை நம் ஊரில் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது. மருந்துக்கடைகளில் ஒரு மில்லியில் 40 யூனிட் கொண்ட இன்சுலினும் உண்டு, 100 யூனிட் கொண்ட இன்சுலினும் உண்டு. இரண்டுக்கும் தனித்தனிச் சிரிஞ்சுகள். 40 யூனிட் சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100 யூனிட் சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. மாலை வெளிச்சத்தில் இரண்டு நிறத்தையும் வேறுபடுத்துவது எளிதன்று என்பதால், மூடியை நம்பாமல் உடலில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படிக்கவேண்டும். செவலைக்குத் தரப்பட்டது மில்லிக்கு 100 யூனிட் கொண்ட கிளார்ஜின் என்ற இன்சுலின். அதை அம்மாவின் 40 யூனிட் சிரிஞ்சில் ஒரு கோடு இழுத்தபோது, உள்ளே போனது ஒன்று அன்று, இரண்டரை யூனிட். நேர் எதிர்த் தவறும் நடக்கும்: 40 யூனிட் மருந்தை 100 யூனிட் சிரிஞ்சில் ஒரு யூனிட் அளவு இழுத்தால் பூனைக்குக் கிடைப்பது அரை யூனிட்டுக்கும் குறைவு. மனிதருக்கு இருபது முப்பது யூனிட்டில் இந்த வேறுபாடு எவ்வளவு ஆபத்தோ, நான்கு கிலோ எடையுள்ள உயிருக்கு ஒரு யூனிட்டிலேயே அவ்வளவு ஆபத்து.

சாப்பிடவில்லை, வாந்தி எடுக்கிறது, சுருண்டு கிடக்கிறது

சர்க்கரை நோயுள்ள பூனை ஒரு நாள் முழுவதும் உண்ணாமல் இருந்தாலே அதை அவசரமாகக் கொள்ளவேண்டும். உடலுக்கு இன்சுலின் போதாதபோது, சர்க்கரையை எரிக்க முடியாமல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதில் பிறக்கும் கீட்டோன்கள் ரத்தத்தை அமிலமாக்கும். மூச்சில் அழுகிய பழம் போன்றோ நகப்பூச்சு அழிக்கும் திரவம் போன்றோ வாடை வருதல், தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படியாமல் கூடாரம்போல் நிற்றல், ஆழ்ந்து மூச்சிழுத்தல் ஆகியவை அந்த நிலையின் அடையாளங்கள். இது வீட்டில் சரியாகும் கோளாறு அன்று. ட்ரிப்ஸ் ஏற்றுதலும் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். இரவென்று காத்திருக்காமல் கொண்டுசெல்லவேண்டும்.

சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டைகள் மருந்துக்கடைகளில் கிடைக்கின்றன. ஒரு டப்பா வாங்கி வைத்தால் இந்த இடத்தில் உதவும். பட்டையில் நிறம் மாறியிருந்தால், பூனை தெம்பாகத் தோன்றினாலும் அன்றே மருத்துவரை அழைக்கவேண்டும். இன்னொன்று, இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்த பூனைக்கு, அதிலும் பருத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு ஏறித் தனி நோயாகிவிடும்.

சாப்பிடாத வேளையில் ஊசி போடுவதா என்ற கேள்வி எல்லார்க்கும் வரும். பாதி சாப்பிட்டால் எவ்வளவு, ஒன்றுமே சாப்பிடாவிட்டால் என்ன செய்வது என்பதை முதல் நாளே மருத்துவரிடம் கேட்டு எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைக்கவேண்டும். பூனை தள்ளாடும் நேரத்தில் அவரைத் தொலைபேசியில் பிடிக்க முயல்வது நடக்கிற காரியம் அன்று. கேட்டு வைக்காதவர்கள், ஒன்றும் சாப்பிடாத பூனைக்கு முழு அளவு போடக் கூடாது. அதே வேளையில், நாள்கணக்கில் இன்சுலினை நிறுத்திவைப்பதும் கீட்டோனுக்கு வழி திறந்துவிடுவதாகும்.

மணல் தட்டில் முக்குகிறது, சிறுநீர் வரவில்லை

இதைச் சர்க்கரைக் கணக்கில் சேர்க்கவேண்டாம். கடுவன் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. அது அடைபட்டால் ஓரிரு நாளில் உயிர் போகும். நேற்றுவரை மணல் கட்டிகட்டியாகும்படி சிறுநீர் பெய்த பூனை இன்று திரும்பத்திரும்பத் தட்டுக்குப் போய் ஒரு சொட்டும் பெய்யாமல் திரும்பினால், உடனே வண்டியை எடுக்கவேண்டும்.

இரண்டு வாரம் ஊசி போட்டும் தண்ணீர் குடிப்பது குறையவில்லை

இதுதான் பலரும் முட்டிக்கொள்ளும் இடம். முதலில், உண்மையிலேயே குறையவில்லையா என்று அளந்து பார்க்கவேண்டும். காலையில் 500 மில்லி ஊற்றி, மறுநாள் அதே நேரத்தில் மீதியை அளக்கவேண்டும். மதுரையின் சித்திரை வெயிலில் கிண்ணத்துத் தண்ணீர் தானே ஆவியாகும் என்பதால், அதே அளவு தண்ணீருள்ள இன்னொரு கிண்ணத்தைப் பூனைக்கு எட்டாத இடத்தில், அதே அறையில் வைத்து, அதில் குறைந்ததைக் கழித்துக்கொள்ளவேண்டும். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 மில்லி அளவு வரை இயல்பு. 100 மில்லியைத் தாண்டினால் நோயின் அறிகுறி. நான்கு கிலோ பூனைக்கு 200 மில்லி சரி, 400 மில்லிக்கு மேல் சரியன்று. ஈரமான உணவு தின்னும் பூனை இதைவிடக் குறைவாகவே குடிக்கும்.

அளவு மெய்யாகவே கூடுதலாக இருந்தால், முதலில் சிரிஞ்சைப் பார்க்கவேண்டும். மேலே சொன்ன 40, 100 குழப்பத்தில் பூனைக்குப் பாதிக்கும் குறைவாகப் போய்க்கொண்டிருக்கலாம். ஒரு மில்லி கொள்ளும் 100 யூனிட் சிரிஞ்சில் சிறு கோடு ஒவ்வொன்றும் 2 யூனிட் என்பதையும் கவனிக்கவேண்டும். பூனைக்கு ஏற்றது 0.3 மில்லி சிரிஞ்சுதான், அதிலும் அரை யூனிட் கோடு போட்டது. சிறு கடைகளில் இருக்காது, கேட்டு வரவழைக்கவேண்டும். பெரியாஸ்பத்திரியைச் சுற்றியுள்ள கோரிப்பாளையம் கடைகளில் விசாரித்தால் பெரும்பாலும் வழி பிறக்கும்.

அடுத்தது மருந்து. இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும், உறையக் கூடாது. உறைந்து உருகிய குப்பி பார்வைக்கு நன்றாக இருந்தாலும் தூக்கியெறிய வேண்டியதே. பனிக்கட்டி அறையை ஒட்டிய தட்டில் வைத்துவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று அலைந்தவர்களை நான் அறிவேன். வெயிலில் நின்ற வண்டியின் பெட்டிக்குள் ஒரு மணி நேரம் கிடந்த குப்பியையும் நம்பக் கூடாது. மாதாந்திரப் பராமரிப்புக்குப் பகல் முழுவதும் மின்சாரம் நிற்கும் நாளில், குளிர்சாதனப் பெட்டியை அடிக்கடி திறக்காமல் இருந்தாலே போதும். அந்த வசதி இல்லாத வீட்டில், வாய் இறுகிய டப்பாவில் குப்பியை வைத்து மண்பானைத் தண்ணீரில் மிதக்கவிடலாம். மதுரை போன்ற வறண்ட வெயிலில் பானை நன்றாகவே குளிரும், ஆனால் குளிர்சாதனப் பெட்டி அளவுக்குக் குளிராது. ஆகவே திறந்த தேதியைக் குப்பியில் எழுதி, உறையில் சொன்ன நாளுக்குமேல் பயன்படுத்தாமல் விடவேண்டும். கிளார்ஜின் தண்ணீர்போல் தெளிவாக இருக்கும். கலங்கினால் கெட்டுவிட்டது என்று பொருள். அதில் தண்ணீரோ வேறு மருந்தோ கலக்கக் கூடாது.

மூன்றாவது உணவு. இங்கேதான் தெருப்பூனைக்கென்று தனிச் சிக்கல் உண்டு. எங்கள் வீட்டில் வேகவைத்த கோழியும் ஈரத் தீனியும் மட்டும் தின்ற செவலை, ஒரு மாதமாகியும் 300க்குக் கீழே இறங்க மறுத்தது. பிறகுதான் எதிர் வீட்டுப் பெரியம்மா நாள்தோறும் பால்சோறு வைப்பது தெரிந்தது. "ஒரு வாய் பால்சோறுதானே தம்பி, வாயில்லா ஜீவன்" என்றார். நான் பதில் சொல்வதற்குள் என் அம்மா வாசலுக்கு வந்து, தம் கையில் ஊசி போட்ட தழும்பைக் காட்டி, "எனக்கு நீங்க பாயசம் குடுப்பீங்களா மதினி?" என்று கேட்டார். அன்றோடு பால்சோறு நின்றது. எல்லாத் தெருவிலும் இப்படி வாதாட ஓர் ஆள் கிடைப்பதில்லை. எனவே பூனையை வெளியே விடாமல் வைப்பதே முதல் வழி; முடியாவிட்டால், இழுத்தால் கழன்றுவிடும் கழுத்துப் பட்டையில் "சர்க்கரை நோய், உணவு தரவேண்டாம்" என்று எழுதிக் கட்டலாம்.

பூனை அடிப்படையில் ஊன் உண்ணி. சோறு, பால், பிஸ்கட் எதுவும் அதன் உடலுக்குத் தேவையில்லை. கடையில் விற்கும் உலர் தீனியிலும் மாவுச்சத்து கணிசமாக இருக்கும், ஆகவே மாவு குறைந்த ஈரத் தீனியே இந்நோய்க்கு உகந்தது. வீட்டில் சமைத்தால் எலும்பு நீக்கிய கோழியோடு இதயமும் சிறிதளவு ஈரலும் சேர்த்து, உப்பு, வெங்காயம், பூண்டு இல்லாமல் வேகவைக்கவேண்டும். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. வெறும் கோழிக்கறியில் சுண்ணாம்புச் சத்து போதாது என்பதால், நெடுநாளைக்கு அதையே நம்பாமல் மருத்துவரிடம் சேர்மானம் கேட்கவேண்டும். கருவாடு வேண்டாம், உப்பு மிகுதி. ஒரு முக்கியமான எச்சரிக்கை: இன்சுலின் பெற்றுக்கொண்டிருக்கும் பூனையின் உணவிலிருந்து மாவைத் திடீரென்று எடுத்தால், நேற்றுவரை சரியாக இருந்த அளவு இன்று மிகுதியாகிவிடும். உணவு மாற்றத்தை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, மெல்லமெல்லச் செய்யவேண்டும்.

பாகற்காய்ச் சாறு, வெந்தயம், நாவற்கொட்டைப் பொடி என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். வீட்டில் பெரியவர்கள் சாப்பிடும் சர்க்கரை மாத்திரையில் பாதியைக் கிள்ளிக் கொடுக்கலாம் என்பவர்களும் உண்டு. எதையும் கொடுக்கவேண்டாம். அமெரிக்காவில் 2022இலும் 2023இலும் பூனைகளுக்கென்றே வாய்வழி மருந்துகள் இரண்டு ஒப்புதல் பெற்றன என்பது உண்மைதான். ஆனால் அவையும் முன்பு இன்சுலின் பெற்ற பூனைக்குத் தரத்தக்கவை அல்ல என்ற கட்டுப்பாட்டோடுதான் வந்தன.

சிரிஞ்சு, மருந்து, உணவு மூன்றும் சரியாக இருந்து, ஊசி போடும் முறையும் சரியாக இருந்தும் சர்க்கரை இறங்காவிட்டால், உடலுக்குள் இன்சுலினை எதிர்க்கும் ஏதோ ஒன்று இருக்கவேண்டும். தெருப்பூனைகளிடம் முதலில் வாயைத் திறந்து பார்க்கவேண்டும். சீழ் பிடித்த பல்லும் வீங்கிய ஈறும் மிகப் பரவலானவை. சிறுநீரில் கிருமித் தொற்று அடுத்தது. கருத்தடை செய்யாத பெட்டைப் பூனையென்றால், இணைசேரும் பருவத்து இயக்குநீர்களே (ஹார்மோன்கள்) இன்சுலினை எதிர்க்கும். கருத்தடைக்குப் பின் நிலை தெளிவாக மேம்படும். தோல் அரிப்புக்கு யாராவது ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால், நோயே அதனால் வந்திருக்கலாம். தெருவில் பூனைக்கு உணவு வைப்பவர்களிடம், கடந்த சில மாதங்களில் யாரேனும் பிடித்துக்கொண்டுபோய் ஊசி போட்டார்களா என்று கேட்பது வீண் விசாரணை அன்று.

மருத்துவமனையில் 380, வீட்டில் 210

இரண்டும் சரியாக இருக்கலாம். கூண்டுக்குள் அடைபட்டு, பக்கத்தில் நாய் குரைக்க, மேசைமேல் அழுத்திப் பிடிக்கப்பட்ட பூனையின் சர்க்கரை அச்சத்தால் மட்டுமே 300ஐத் தாண்டக்கூடும். மனிதர் கை படாமல் வளர்ந்த தெருப்பூனைக்கு இது இன்னும் மிகுதி. இதனால்தான் ஒரே ஒரு ரத்தச் சோதனையை வைத்து நோயை உறுதிசெய்யாமல், சிறுநீரில் சர்க்கரையும், கடந்த ஓரிரு வாரச் சராசரியைக் காட்டும் ஃபிரக்டோசமைன் அளவும் பார்க்கிறார்கள். பிடித்த அன்றே எடுத்த ஒற்றை எண்ணை நம்பி ஊசி தொடங்கப்பட்டிருந்தால், இந்தச் சோதனையைக் கேட்டுப் பெறவேண்டும்.

மேலும், மனிதருக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் உண்மையைவிடக் குறைத்தே காட்டும் இயல்புடையது. அதற்காக அதை ஒதுக்கத் தேவையில்லை. எப்போதும் ஒரே மீட்டரில் பார்த்து, எந்த மீட்டர் என்பதை மருத்துவரிடம் சொன்னால், எண்ணின் போக்கை அவர் புரிந்துகொள்வார். வீட்டில் 70க்குக் கீழே காட்டினால் மட்டும், "மீட்டர் குறைத்துக் காட்டுகிறது" என்று ஆறுதல் கொள்ளாமல் உணவு வைக்கவேண்டும்.

ஃபிரக்டோசமைனும் தைராய்டு அளவும் எல்லா மருத்துவமனையிலும் பார்க்கப்படுவதில்லை. தல்லாகுளத்தில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது; மேல் சிகிச்சைக்குத் தேனியிலும் திருநெல்வேலியிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளை நாடலாம். போகுமுன் விசாரித்துக்கொண்டு போவது, கூண்டோடு பேருந்தில் இரண்டு முறை அலைவதைத் தவிர்க்கும்.

காது மடலில் குத்தினால் ரத்தம் வரவில்லை

காது குளிர்ந்திருக்கும். அரிசியை வெள்ளைக் காலுறையில் கட்டி, இளஞ்சூடாக்கி, ஒரு நிமிடம் ஒற்றியெடுத்தபின் மடலின் விளிம்பை ஒட்டி ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் குத்தவேண்டும். பின்புறம் பஞ்சை வைத்துக்கொண்டால் நம் விரலில் ஏறாது. முதல் வாரம் குத்தவே வேண்டாம். காதைத் தொட்டுவிட்டு ஒரு துண்டுக் கோழி, அவ்வளவுதான். செவலைக்கு இந்தப் பழக்கம் பதிய ஒன்பது நாள் ஆயிற்று.

இந்த வேலையைத் தொடங்குமுன் பூனைக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கவேண்டும். கடித்தாலோ பிறாண்டினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போகவேண்டும். "நம்ம வீட்டுப் பூனைதானே" என்ற சமாதானம் இங்கே செல்லாது. பயன்படுத்திய ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் புட்டியில் போட்டு மூடி வைக்கவேண்டும். குப்பைப் பையில் வீசினால், அதைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கையில்தான் ஏறும்.

ஊசி போட்டபின் முடி நனைந்திருக்கிறது

மருந்து வெளியே போய்விட்டது. எவ்வளவு போயிற்று என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே இன்னொரு முறை போடக் கூடாது. ஒரு வேளை குறைந்தால் சர்க்கரை சற்று ஏறும், இரட்டிப்பாகப் போனால் உயிருக்கே ஆபத்து. அடுத்த வேளை வழக்கமான நேரத்தில் போடவேண்டும். தோலைக் கூடாரம்போல் தூக்கி, ஊசியை மறுபக்கம் துளைக்காமல் செலுத்துவது பழகும்வரை, முதுகின் பக்கவாட்டில் சிறிதளவு முடியைக் கத்தரித்து வைத்தால் ஊசி முனை கண்ணுக்குத் தெரியும். ஒரே இடத்தில் போட்டால் தோல் தடித்து மருந்து ஒழுங்காக ஏறாது.

பின்னங்கால் குதிகால் தரையில் படிய நடக்கிறது

பூனை இயல்பில் விரல்களால் நடப்பது. சர்க்கரை நீண்ட நாள் கட்டுக்குள் இல்லாதபோது நரம்புகள் பழுதடைந்து, முயல்போல் குதிகாலை ஊன்றி நடக்கத் தொடங்கும். திண்ணைக்குத் தாவ முடியாமல் இரண்டு முறை கீழே விழும். பலர் இதை வண்டி மோதிய காயம் என்று நினைத்துக் கட்டுப்போடக் கொண்டுசெல்கிறார்கள். சர்க்கரை சீரானால் சில மாதங்களில் மெல்ல மீளும். முழுமையாக மீளாமலும் போகலாம். அதுவரை மணல் தட்டின் விளிம்பு தாழ்வாகவும், தண்ணீர் தரைமட்டத்திலும் இருக்கட்டும். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு பின்னங்கால்களும் செயலிழந்து, குளிர்ந்து, பூனை வலியால் அலறினால் அது இதய நோயால் ரத்தக்கட்டி அடைத்ததன் அறிகுறி. உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

நன்றாகத் தின்றும் மெலிகிறது, அல்லது காரணமின்றிப் பருக்கிறது

வாரம் ஒரு முறை எடை பார்க்கவேண்டும். தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி, அரிசி நிறுக்கும் தராசில் துணிப்பையோடு செவலையை நிறுத்து, "நாலு நூறு" என்று உரக்கச் சொல்வது எங்கள் தெருவின் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி. பசி மிகுந்து எடை குறைவது சர்க்கரை கட்டுப்படாததாலும் இருக்கலாம், தைராய்டு மிகுதியாலும் இருக்கலாம். குடற்புழுவும் ஒரு காரணம். தண்ணீர் மிகுதியாகக் குடிக்கும் முதிய பூனைக்குச் சிறுநீரகமும் பார்க்கவேண்டும். மாறாக, சர்க்கரை இறங்காமலே எடை ஏறி, முகமும் பாதமும் அகலமாகிக்கொண்டு வந்தால், மூளையடிச் சுரப்பியில் வளர்ச்சி இயக்குநீர் மிகுந்திருக்கக்கூடும். கடுவன் பூனைகளிடம் இது அரிதன்று. அளவை எவ்வளவு கூட்டினாலும் போதவில்லை என்னும்போது மருத்துவரிடம் இதை நினைவூட்டலாம்.

ஊசி நேரத்தில் பூனையைக் காணவில்லை

பன்னிரண்டு மணி நேர இடைவெளி என்பதில் அரை மணி முன்பின்னாவதால் குறையில்லை. மூன்று நான்கு மணி நேரம் தவறினால் அந்த வேளையை விட்டுவிட்டு அடுத்ததைப் போடவேண்டும். சேர்த்துப் போடக் கூடாது. மாலையில் உணவு வைக்கும்போது தட்டைத் தட்டி ஓசையெழுப்பிப் பழக்கினால், மாடி தாண்டிப் போன பூனையும் வந்து நிற்கும். தீபாவளி வெடிக்கும், வீதி ஒலிபெருக்கிக்கும் அஞ்சிப் பூனை இரண்டு நாள் பரண்மேல் ஒளிந்துகொள்ளும் என்பதால், அதற்கு முந்தைய மாலையே உள்ளே அடைத்துவிடவேண்டும். அழகர் ஆற்றில் இறங்கும் நாள்களில் கோரிப்பாளையமும் தல்லாகுளமும் கூட்டத்தில் அடைபட்டுவிடும். சிரிஞ்சும் மருந்தும் தீனியும் அதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் இருக்கவேண்டும்.

ஊசி அளவு மாறாமலே சர்க்கரை இறங்கிக்கொண்டு வருகிறது

இது நல்ல செய்தியாக இருக்கலாம், கவனிக்காவிட்டால் விபத்தாகவும் முடியலாம். பூனைகளுக்கு வரும் இந்நோய் பெரும்பாலும் மனிதருக்கு நடுவயதில் வரும் இரண்டாம் வகையை ஒத்தது. தொடக்கத்திலேயே மாவு குறைந்த உணவும் இன்சுலினும் கிடைத்தால், சில பூனைகளின் கணையம் மீண்டும் வேலை செய்யத் தொடங்கி, ஊசியே தேவைப்படாத நிலை வரும். ஸ்டீராய்டால் வந்த நோய்க்கும் இந்த வாய்ப்பு உண்டு. ஊசி போடுமுன் பார்க்கும் எண் தொடர்ந்து 150க்குக் கீழே வந்தாலோ, நடுவில் 80ஐத் தொட்டாலோ, அடுத்த ஊசிக்கு முன் மருத்துவரிடம் பேசவேண்டும். அவர் பெரும்பாலும் அரை யூனிட் அரை யூனிட்டாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் ஒரு வாரம் காத்திருக்கச் சொல்வார்.

செவலைக்கு ஐந்தாம் மாதத்தில் ஊசி நின்றது. உணவு மாறவில்லை, எடையும் தண்ணீரும் வாரம் ஒரு முறை குறிப்பேட்டில் ஏறுகின்றன, பதினைந்து நாளுக்கு ஒரு முறை மணலுக்குப் பதில் கழுவிய கூழாங்கற்களைத் தட்டில் பரப்பி, தேங்கும் சிறுநீரில் சர்க்கரை காட்டும் பட்டையை நனைத்துப் பார்க்கிறேன். பட்டையில் சர்க்கரை தெரிந்தால், மறுநாள் காலை காதில் ரத்தம் பார்த்து, அந்த எண்ணோடு மருத்துவரிடம் போகவேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் மிச்சமிருக்கும் பழைய குப்பியை எடுத்து நாமே தொடங்கக் கூடாது.